நாலாம் நம்பர் உப்பு

ஹேமலதா டீச்சருக்கு முப்பிடாதியின் முகம் ஞாபகம் வரவில்லை.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தேடிப் பார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. நாற்பத்தொரு பிள்ளைகள். மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, கருநீல ரிப்பன். பதிவேட்டில் இருபத்தேழாம் எண். கூப்பிட்டால் பின்வரிசையிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் இப்போதும் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரி வரவில்லை. நெற்றியில் கட்டியிருந்த பட்டை மட்டும் லேசாகச் சூடேறியது.

"போதும் டீச்சர், கண்ணத் திறங்க," என்றாள் ஷாகிதா.

மாவட்டச் சாட்சிய மையத்தில் இயந்திரத்தை இயக்குகிறவள் அவள். ஹேமலதாவின் பெயரைச் சாட்சியாக எழுதிக் கொடுத்திருந்த எட்டுப் பிள்ளைகளில் ஏழு பேரைக் காலையிலிருந்து முடித்தாயிற்று. ஏழும் மளமளவென்று வந்தன. ரிதன்யா ஒருத்திக்கே ஆறு மணி நேர நினைவு தேறியது. இயந்திரம் அதைப் பத்து நிமிடத்தில் உருவி எடுத்துவிட்டது. எட்டாவதாக வந்தவள்தான் இந்த முப்பிடாதி.

"எவ்வளவு வந்திருக்கு?"

"ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. அதுவும் நீங்க அட்டெண்டன்ஸ் எடுத்ததுதான். உள்ளேன், உள்ளேன்னு அதே ஒரு வார்த்த." ஷாகிதா திரையை அவள் பக்கம் திருப்பினாள். திரை சாம்பல் நிறத்தில் இருந்தது. "பதினஞ்சு நிமிஷமாவது இருந்தாத்தான் தரம் போடும். இல்லன்னா வெற்றுச் சாட்சியம்னு விழுந்துரும்."

வெற்றுச் சாட்சியம் என்றால் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. அது ஹேமலதாவுக்குத் தெரியாததல்ல. இரண்டு வருடம், வாரத்துக்கு ஆறு வகுப்பு ஒரு பிள்ளைக்குப் பாடம் எடுத்துவிட்டு, அவள் கறுப்பா சிவப்பா என்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருப்பது என்ன பிழைப்பு என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

இந்த முறை வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் பொதுத்தேர்வு இருந்தது. அதன் தலைமேல் நுழைவுத்தேர்வு வேறு. பண்ணைக் கோழிக்கு விளக்குப் போட்டு வைப்பது மாதிரி பிள்ளைகளை விளக்குக்கு அடியில் உட்காரவைத்து உருப்போட வைத்தார்கள். கேள்வித்தாள் வெளியானது. சில வீடுகளில் நடக்கக் கூடாததெல்லாம் நடந்தது. போதும் போதும் என்றாகி, அரசாங்கம் ஒருநாள் எல்லாத் தேர்வையும் தூக்கிப் போட்டது. மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு பிள்ளையைப் பற்றி என்ன தெரியும், கூடவே இருந்த ஆசிரியருக்குத்தானே தெரியும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் ஆசிரியர் வேண்டியவர்களுக்குக் கூட்டிச் சொல்லலாம், வேண்டாதவர்களுக்குக் குறைத்துச் சொல்லலாம். அதற்காகத்தான் இந்தப் பட்டை. ஆசிரியரின் வாயை நம்பாமல் நேரே தலைக்குள் போய் எடுத்துவிடும். பிள்ளை எப்படிக் கேள்வி கேட்டாள், எங்கே தடுமாறினாள், தப்பை எப்படித் திருத்தினாள் என்று பார்த்து ஒரு தரம் போடும். அந்தத் தரத்தை வைத்துத்தான் பல்கலைக்கழகத்தில் இடம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு ஆசிரியரைச் சாட்சியாக எழுதிக் கொடுக்கலாம்.

ஊர் சும்மா இருக்குமா? மனப்பாட டியூஷன் மூடிய கட்டடத்திலேயே டீச்சர் மனசில் நிற்பது எப்படி என்று டியூஷன் திறந்தார்கள். வாரம் மூன்று கேள்வி கேட்க வேண்டும், அதில் ஒன்று டீச்சரைச் சிரிக்க வைக்க வேண்டும். டீச்சர் பிறந்தநாளுக்கு வகுப்பே கேக் வெட்டியது. ஒருத்தி தனிம அட்டவணையை வில்லுப்பாட்டாகவே பாடிக் காட்டினாள். ஹேமலதாவுக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. பிடித்தும் இருந்தது, யாருக்குத்தான் பிடிக்காது? போன வருடம் மாவட்டத்திலேயே அதிக மணி நேரம் நினைவு தந்தவள் என்று 'முன்மாதிரிச் சாட்சி' கேடயம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் சென்னையில் மற்ற ஆசிரியர்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுக்கப் போகிறாள்.

முப்பிடாதி கேக் வெட்டியிருக்க மாட்டாள், வில்லுப்பாட்டும் பாடியிருக்க மாட்டாள். சொன்னதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். இதற்கு முன்னால் இருந்த உலகத்தில் அதற்கு நல்ல பிள்ளை என்று பெயர்.

"மறுசாட்சியம் ஒன்னு இருக்குல்லா?" என்று கேட்டாள் ஹேமலதா.

"ஏழு நாளுக்குள்ள வரலாம். ஆனா டீச்சர், இனிமே போய் அந்தப் பிள்ளகூட ஒக்காந்து பேசிட்டு வந்தா செல்லாது. பள்ளிக்கூடம் முடிஞ்ச தேதிக்குப் பெறவு உள்ள நெனவ மிஷின் கழிச்சிரும். உள்ள ஏற்கெனவே கெடக்கத எடுத்தாத்தான் உண்டு." ஷாகிதா கொஞ்சம் தயங்கினாள். "ஒன்னு கெடக்கு."

"என்னது?"

"இருபத்தஞ்சு நிமிஷத் துண்டு. குரல் இந்தப் பிள்ள குரல்தான், அட்டெண்டன்ஸ் குரலோட பொருந்துது. ஆனா மூடிக் கெடக்கு. மறந்து போனதுன்னா மங்கலா இருக்கும் டீச்சர். இது அப்படி இல்ல. நீங்களே சாத்தி வச்சிருக்கீங்க. முகம் தெரியல. ஓரத்துல பச்சையா என்னமோ எரியுது."

ஹேமலதா பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அது வேற," என்றாள்.

அது வேறு இல்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த நாள் அப்படியே வந்து நின்றது.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. புதிய முறைப்படி பிள்ளைகள் தாங்களே யோசித்துக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க மேலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. வேதியியல் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் தெரியாத ஒரு உப்பைக் கொடுப்பார்கள்; அவள் அதைக் கரைத்து, காய்ச்சி, எரித்துப் பார்த்து, இன்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்படித்தான் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடங்களில் காலம் காலமாக இருக்கிற வழக்கம் வேறு. உப்பின் பெயரை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் விடையிலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். ஹேமலதா படித்ததும் அப்படித்தான், இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான். தேர்வு போயிற்று, வழக்கம் போகவில்லை. குழு வருகிறதே என்று வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்துச் சொன்னாள். "நாலாம் நம்பர் பாட்டில் லெட் நைட்ரேட். பொட்டாசியம் அயோடைடு ஊத்தினா மஞ்சள் வீழ்படிவு. மறந்துராதீங்க."

மறுநாள் குழு ஆய்வகத்துக்குள் இருக்கும்போதே பின் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், மஞ்சள் வரல. சுடர் பச்சையா வருது."

அவசரத்தில் அவள் சரியாகப் பார்க்கவில்லை. பர்னரை அணைத்தாள். "ஏட்டி, சொன்னத எழுது," என்று பல்லுக்குள் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தாள். நாலாம் நம்பர் பாட்டில் கிடைத்த மற்றப் பிள்ளைகள் ஒன்பது பேரும் மஞ்சள் வீழ்படிவு என்று அழகாக எழுதியிருந்தார்கள். ரிதன்யா அதைக் குழுவுக்கு விளக்கியும் காட்டினாள். குழுவுக்குப் பரம திருப்தி. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பாட்டிலை எடுத்துச் சோதித்தபோதுதான் அது பேரியம் நைட்ரேட் என்று ஹேமலதாவுக்குத் தெரிந்தது. பழைய பாட்டிலில் யாரோ மாற்றிக் கொட்டியிருக்கிறார்கள். லேபிளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? ஒன்பது பிள்ளைகள் வராத மஞ்சளை எழுத, அதற்கு நான் கையெழுத்துப் போட்டேன் என்றா?

இதுதான் அவள் நினைவில் இருந்தது. அந்தப் பின் மேசைப் பிள்ளை யார் என்று அவள் அன்றைக்கும் யோசிக்கவில்லை, பிறகும் யோசிக்கவில்லை. இப்போது ஒரு இயந்திரம் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் விசாரித்தாள். முப்பிடாதி விடுமுறைக்குத் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாளாம். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு போனாள். கடையில் ஆதார் அட்டையோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் சுடிதார் போட்ட பெண் ஒருத்தி இயந்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, முப்பிடாதின்னு ஒரு பிள்ள இங்க வேல பாக்காளாமே, இருக்காளா?"

அந்தப் பெண் மூடியைத் தூக்கிய கையோடு நின்றாள். ஆதார் அட்டைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான் டீச்சர்," என்றாள் அவள்.

ஹேமலதாவுக்குத் தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. "சடை போடலையா, அதான்..." என்று என்னவோ உளறினாள். முப்பிடாதி அதைக் காதில் வாங்காத மாதிரி ஸ்டூலை இழுத்துத் துணியால் துடைத்துப் போட்டாள். ஆதார் அட்டைக்காரருக்கு இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

"வெற்றா டீச்சர்?" என்று அவளே கேட்டாள்.

"யார் சொன்னா?"

"நீங்க இங்க வந்திருக்கீங்களே."

ஹேமலதா ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். என்ன படிக்க ஆசை என்று கேட்டாள். அதைக்கூட இன்றைக்குத்தான் கேட்கிறாள். வேதியியல் என்றாள் முப்பிடாதி. ஐந்து வருடப் படிப்பு, பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். வெற்றாகிவிட்டால் இந்தக் கடை முதலாளி மாதச் சம்பளத்துக்கு இருக்கச் சொல்கிறார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும்போல என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"என் பேர ஏன் எழுதிக் குடுத்த? தமிழ் டீச்சர் இருக்காங்க, கணக்கு டீச்சர் இருக்காங்க..."

"அவங்களுக்கெல்லாம் என்னத் தெரியாது டீச்சர். நீங்க ஒரு தடவ திட்டியிருக்கீங்க." முப்பிடாதி காகிதக் கட்டைத் தட்டி நேராக்கினாள். "திட்டினதாவது ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன்."

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா எழுந்து வர எந்த டீச்சராலும் முடியாது. ஹேமலதா மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. அது லெட் இல்ல. பேரியம். எனக்குச் சாயங்காலம்தான் தெரிஞ்சுது. அப்பவே உன்னக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்."

"பேரியம்னு தெரியும் டீச்சர். புத்தகத்துல பாத்தேன், பச்சைச் சுடர்னு போட்டிருந்துச்சு. திங்கக்கெழம லேபிளும் மாறியிருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் ஹேமலதா தாங்கியிருப்பாள். கடைக்குப் பின்னால் போய் ஒரு பை எடுத்து வந்தாள் முப்பிடாதி. உள்ளே ரெக்கார்டு நோட்டு. பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தாள். சுடர் சோதனை என்று எழுதி, அதற்கு நேரே, 'இளம்பச்சை நிறம்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அதன்மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கோட்டின் கடைசியில் ஹேமலதாவின் கையெழுத்து, தேதியோடு. கோடு அழுத்தி இழுத்ததில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது.

"இத எடுத்துட்டுப் போறேன்," என்றாள் ஹேமலதா. "இதப் பாத்தா மூடிக் கெடக்கது திறக்கும்னு நெனைக்கேன்."

வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடிப்பதற்குள் தலைமையாசிரியை கிரேஸ் எஸ்தரிடமிருந்து போன். ஹேமலதாதான் காலையில், ஆய்வகத்து நினைவு ஒரு துண்டு மூடிக் கிடக்கிறது, மறுசாட்சியத்துக்கு அனுமதி வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள்.

"ஹேமா, என்ன துண்டு அது? அன்னைக்குக் குழு வந்த நாளா?"

"ஆமா மேடம்."

"அது திறந்தா முழுசும்லா போகும். உப்புப் பேரச் சொல்லிக் குடுத்தது, குழுவோட நான் நிக்கும்போதே நீ பர்னர அணைச்சது, எல்லாம். உன் சாட்சி உரிமையப் புடுங்கிருவாங்க. கேடயத்தையும் திருப்பிக் கேப்பாங்க. சென்னைக்கு வேற ஆள அனுப்பணும். நம்ம பள்ளிக்கூடத்த முன்மாதிரின்னு எழுதிட்டுப் போனது அந்தக் குழுதான்."

"தெரியுது மேடம்."

"ரிதன்யாவுக்கும் அன்னைக்கு நாள் கழிஞ்சிரும்."

"அவளுக்கு ஆறு மணி நேரம் இருக்கு. இருபது நிமிஷம் போனா ஒன்னும் ஆயிராது."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. கெட்ட மனுஷி இல்லை கிரேஸ் எஸ்தர். "வருஷா வருஷம் அஞ்சாறு பிள்ளைக வெற்றாத்தான் போகுது ஹேமா. நாம என்ன செய்ய முடியும், எல்லா மூஞ்சியையும் ஞாபகம் வச்சிக்கிட முடியுமா? இதுக்குன்னு நீ போய்..." என்று இழுத்தாள்.

வருடத்துக்கு ஐந்தாறு. பதினோரு வருடம். ஹேமலதா அதைப் பெருக்கிப் பார்க்கப் பயந்து போனை வைத்துவிட்டாள். அவர்களில் எத்தனை பேர் அவள் பெயரை எழுதிக் கொடுத்தவர்கள்? வெற்று என்று வந்ததும் அந்தப் பிள்ளை சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனவள்தானே அவள். இந்த வருடமும் அப்படித்தான் போயிருப்பாள், ஷாகிதா பச்சை என்று சொல்லாமல் இருந்திருந்தால்.

ஆறாம் நாள் காலையில் மையத்துக்குப் போனாள். மறுசாட்சியத்துக்குப் பிள்ளையின் கையெழுத்தும் வேண்டும் என்பதால் முப்பிடாதியும் பஸ் ஏறி வந்திருந்தாள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஷாகிதா கதவைச் சாத்திவிட்டுப் பட்டையைக் கையில் எடுத்தாள்.

"டீச்சர், ஒருக்கா சொல்லிருதேன். முகம் வந்தாத்தான் இந்தத் துண்ட இந்தப் பிள்ள பேர்ல எழுத முடியும். குரல மட்டும் ஒத்துக்கிட மாட்டாங்க. முகம் எங்க இருக்கோ அது வரைக்கும் உள்ள போகணும். பாதியில நிறுத்துங்கன்னு நீங்க சொல்லலாம், உங்களுக்கு உரிமை உண்டு. ஆனா நிறுத்தினா அவ்வளவுதான்."

"முகமே இல்லன்னா?"

"நீங்க பாத்திருந்தா இருக்கும். பாக்காம இருந்தா இல்ல."

ஹேமலதாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்றுதானே அவளுக்கு ஞாபகம். அசிங்கத்தையும் அள்ளிக் கொட்டிவிட்டு, கடைசியில் முகம் இல்லை என்று வந்தால்? நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். கிழிந்த தாளின்மேல் விரலை வைத்தாள். பட்டை சூடேறியது.

ஆய்வக வாடை வந்தது. தாங்கியில் கவிழ்த்து உலர வைத்த சோதனைக் குழாய்கள், மேசைமேல் சிந்திய தண்ணீர், குழுவிலிருந்த ஒரு அம்மாவின் பட்டுச் சேலைச் சரசரப்பு. ரிதன்யா மஞ்சள் என்று விளக்குகிறாள். பின் மேசையில் கண்ணாடிக் கோல் ஒன்று நெருப்புக்குள் போகிறது. நெருப்பு பச்சையாகிறது.

"டீச்சர், மஞ்சள் வரல. சுடர் பச்சையா வருது."

இங்கே வந்ததும் அவளையறியாமல் ஹேமலதாவின் கால் பின்னால் நகர்ந்தது. போதும் என்று வாய் வரை வந்துவிட்டது. இதற்கு மேலே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது, அது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நிறுத்தட்டுமா டீச்சர்?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவளை நினைத்துக்கொண்டாள். "வேண்டாம். எடுத்துக்கோ."

அன்றைய ஹேமலதா குனிந்திருந்த தலையை நிமிர்த்துகிறாள். முதலில் சுடரைப் பார்க்கிறாள். பிறகு சுடருக்குப் பின்னால் இருக்கிற முகத்தைப் பார்க்கிறாள். நெற்றியில் வேர்வை, புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு, பச்சை வெளிச்சத்தில் விரிந்த கண்கள். கண்டுபிடித்த சந்தோஷம் அந்த முகத்தில் வழிகிறது. நாலு வினாடி, ஒரு இமைகூடத் தட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகுதான் கை பர்னரின் திருகுக்குப் போகிறது.

"முகம் வந்துட்டு டீச்சர்!" ஷாகிதாவின் குரல் எழும்பி, உடனே தணிந்தது. "பக்கத்துல ஒரு வரி வருது."

"படி."

"இது அந்தப் பிள்ள சொன்னதில்ல. நீங்க மனசுல நெனச்சது. மிஷின் எழுதுது." அவள் தயங்கித் தயங்கிப் படித்தாள். "'பேரியம். இவள் சொல்வது சரி.' நேரம் பதினொன்னு நாப்பத்திரண்டு."

ஹேமலதா பட்டையைக் கழற்றவில்லை. கழற்றி என்ன ஆகப் போகிறது? இருபத்தைந்து வருடம் வேதியியல் எடுத்தவளுக்குப் பச்சைச் சுடரைப் பார்த்தால் தெரியாதா? அன்றைக்குச் சாயங்காலம் அவள் எதையும் சோதிக்கவே இல்லை. எல்லாரும் போனதும் நேரே போய் லேபிளைக் கிழித்தாள். சோதித்துப் பார்த்ததாக ஒரு கதையைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை மாதமாக அதை நம்பியும் இருந்தாள். ஜெராக்ஸ் கடையில் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டேனே என்று நினைத்தாளே, அங்கே அந்தப் பிள்ளையிடமும் அந்தக் கதையைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஞாபகம் இல்லாததற்காக வெட்கப்பட்டது போதாதென்று, ஞாபகம் இருந்ததற்காக இப்போது வெட்கப்பட வேண்டியிருந்தது.

திரை நிறம் மாறி ஒரு எண்ணில் வந்து நின்றது. தொண்ணூற்று மூன்று. ரிதன்யாவைவிட நாலு அதிகம். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் இன்னொரு வரி ஓடியது. சாட்சி ஆசிரியரின் உரிமை நிறுத்தி வைக்கப்படுகிறது, விசாரணைக்கு உரியது. ஷாகிதா அதை உரக்கப் படிக்கவில்லை.

வெளியே வந்தபோது முப்பிடாதி எழுந்து நின்றாள். கையில் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தாள்.

"முகம் இருந்துச்சா டீச்சர்?"

"இருந்துச்சு. தொண்ணூத்தி மூணு. உனக்கு சீட்டு கெடைச்சிரும்."

முப்பிடாதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிக்கவும் செய்தாள். இதோடு விட்டுவிடலாம், பிள்ளை சந்தோஷமாகப் போவாள். இயந்திரத்தில் எல்லாம் பதிவாகிவிட்டது, இவளுக்கு எதற்கு? ஹேமலதா நோட்டை அவளிடம் நீட்டினாள். நீட்டிய கையை விடாமல் சொன்னாள்.

"கடையில நான் உங்கிட்டச் சொன்னது பொய். சாயங்காலம் தெரிஞ்சுதுன்னு சொன்னேன்லா. அப்படி இல்ல. நீ காட்டும்போதே எனக்குத் தெரிஞ்சுட்டு. தெரிஞ்சுதான் அணைச்சேன்."

முப்பிடாதி நோட்டை வாங்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"அணைக்கதுக்கு முன்னால நீங்க என் மூஞ்சியப் பாத்தீங்கல்லா." அவள் நிதானமாகச் சொன்னாள். "திட்டினதுக்காக உங்க பேர எழுதிக் குடுக்கல டீச்சர். அன்னைக்குக் கடையில சும்மா சொன்னேன். ரெண்டு வருஷத்துல ஒரு டீச்சர் என்னப் பாத்து, இவ சொல்லுதது சரின்னு நெனச்சது அந்த ஒரு தடவதான். அதான்."

பஸ் ஹாரன் கேட்டது. கடைக்கு நேரமாச்சு, வாரேன் டீச்சர் என்றாள் முப்பிடாதி. போகாமல் ஒரு கணம் எதிரிலேயே நின்றாள். இப்போதாவது அந்த முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஹேமலதாவுக்கு இருந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை.